குடல் அழற்சி நோயாளிகளுக்கான நடைபவனி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற இரண்டு குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களுக்காகக் கனடாவில் 1996 முதல் நடந்துவரும் நடைபவனி ‘கட்ஸி வாக்’. ஜூன் மாதத்தில், பல ஊர்களில் நடக்கும். சேரும் பணம் ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்கான உதவிகளுக்கும் போகிறது. நம் சனமும் குடும்பமாக இதில் சேர வேண்டும் என்பது என் ஆசை. குடிபெயர்ந்து வந்தவர்களிடம் இந்த நோய் குறைவு. ஆனால் தெற்காசியாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு, மற்றக் கனேடியப் பிள்ளைகளுக்கு உள்ள அதே அளவு அபாயம் இருப்பதாக 2015இல் வெளியான ஒன்ராறியோ ஆய்வு காட்டியது. ஆக, இது நம் வீட்டுப் பிள்ளைகளின் நோயும்தான்.

நல்ல மனதோடு போகிறவர்களே அங்கே சில தவறுகளைச் செய்துவிடுகிறார்கள். முதலாவது, உடம்பைப் பற்றிய பேச்சு. மெலிந்திருந்தால் “ஒழுங்காச் சாப்பிடுறதில்லையோ?” என்று கேட்கிறோம். அழற்சியைக் குறைக்கத் தரும் பிரெட்னிசோன் குளிசையால் முகம் வீங்கியிருந்தால், “இப்ப நல்லா சதை வைச்சிட்டாய், சுகமாயிட்டுது போல” என்கிறோம். அந்த வீக்கம் மருந்தின் பக்கவிளைவு. பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று அந்தக் கன்னங்களை நினைத்தே பள்ளிக்கூடம் போக மறுத்துக்கொண்டிருக்கலாம். “உன்னைக் கண்டது சந்தோஷம்” என்று சொல்லுங்கள், போதும்.

“காரம் சாப்பிட்டுத்தான் வந்திருக்கும்”, “அம்மா ஒழுங்காய்ச் சமைத்துக் கொடுத்திருந்தால்…” என்ற கதைகளையும் விட்டுவிடுங்கள். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு குடலையே தாக்குவதால் வரும் நீண்டகால நோய் இது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலில் வரும். க்ரோன்ஸ் வாயிலிருந்து மலவாய் வரை எங்கேயும் வரலாம். யாருடைய சமையலும் இதற்குக் காரணமல்ல.

அடுத்தது வட்ஸ்அப். பணம் சேர்க்கும் உற்சாகத்தில் “என் மருமகளுக்கு க்ரோன்ஸ், உதவுங்கள்” என்று படத்தோடு குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறோம். அவளிடம் கேட்டோமா? வேலையிடத்திலும் கல்யாணப் பேச்சிலும் இந்த நோயை எப்போது, யாரிடம் சொல்வது என்பது நோயாளி எடுக்க வேண்டிய முடிவு. “குடல் அழற்சி நோயாளிகளுக்காக நடக்கிறேன்” என்று மட்டும் எழுதினாலும் பணம் தருகிறவர்கள் தருவார்கள். நடைபவனியில் எடுக்கும் படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். பின்னால் நிற்பவர் யாரென்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பணத்தைக் கையில் வாங்கி, மொத்தமாக உங்கள் பெயரில் கட்டுவதும் நம்மிடையே உள்ள பழக்கம். அப்படிச் செய்தால் வரிச் சலுகைக்கான ரசீது கொடுத்தவருக்குப் போய்ச் சேராது. பணம் சேர்க்க நடைபவனித் தளத்தில் உள்ள உங்கள் பக்கத்தின் இணைப்பை அனுப்பி, அவரவர் பெயரிலேயே கட்டச் சொல்லுங்கள்.

இது ஓட்டப்போட்டி இல்லை. நோயாளியோடு நடக்கிறீர்கள் என்றால் அவர் வேகம்தான் உங்கள் வேகம். நடுவில் சட்டென்று வாஷ்ரூம் போக வேண்டி வந்தால் அவருக்கு அவகாசம் இருக்காது. எனவே வழியில் கழிப்பறைகள் எங்கே இருக்கின்றன என்று முதலே பார்த்து வையுங்கள். இதற்கென்றே கனடாவில் ‘கோஹியர்’ என்ற செயலி இருக்கிறது. வரிசையில் நிற்கும்போது ஒருவர் அவசரமாக முன்னால் போகக் கேட்டால், காரணம் கேட்காமல் விடுங்கள்.

தடிமன், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். இந்த நோய்க்கு இன்ஃபிளிக்சிமாப் போன்ற மருந்து எடுப்பவர்களின் நோயெதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்டிருக்கும். உங்களுக்குச் சாதாரணமான தொற்று அவர்களுக்குப் பெரிதாகலாம். கால் நோகிறது என்பவருக்குக் கைப்பையிலிருந்து அட்வில் எடுத்துக் கொடுக்கிறோமே, அதையும் செய்ய வேண்டாம். அந்த வகை வலிநிவாரணிகள் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும். நோயெதிர்ப்பை அடக்கும் அசாதியோபிரின் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு வெயிலிலிருந்து கூடுதல் பாதுகாப்பு தேவை, ஆகவே தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். அறுவைச் சிகிச்சையில் சிறுகுடலின் முனையை வயிற்றின் வெளியே திறந்து, கழிவு சேரப் பை பொருத்தியவர்களுக்கு உடம்பில் உப்பும் குறையும் என்பதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது.

அப்புறம் சாப்பாடு. நடந்து முடிந்ததும் றோல்ஸ், வடை, கச்சான் என்று பெட்டி திறக்கும். கொண்டு வாருங்கள், ஆனால் “ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது” என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். குடல் சுருங்கிப் போனவருக்குக் கச்சான் அடைப்பை உண்டாக்கலாம், இன்னொருவருக்குப் பால்தேநீர் ஒத்துக்கொள்ளாது. எது சரிவரும் என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாக, மாதக்கணக்கில் குழுவை நடத்திய நோயாளியே அன்று காலை “வர ஏலாது” என்று செய்தி அனுப்பலாம். இரவு நன்றாக இருந்த குடல் காலையில் மாறிவிடும் நோய் இது. “எல்லாரும் உனக்காகத்தானே வந்தோம்” என்று எழுதாதீர்கள். அவர் பெயரில் சேர்ந்த பணம் அவர் நடக்காவிட்டாலும் ஆராய்ச்சிக்குப் போகும். அதைச் சொல்லி, குழுவோடு நடக்கத் தொடங்குங்கள்.