செவெரீனின் வாழ்க்கையை எழுத முனைபவர்களுக்கு

பிரெஞ்சுப் பத்திரிகையாளர் செவெரீனின் இயற்பெயர் கரோலின் ரெமி. 1855இல் பாரிஸில் பிறந்து 1929இல் பியெர்ஃபோனில் இறந்தார். அவர் எழுதியதில் பெரும்பகுதி செய்தித்தாள்களில்தான் கிடக்கிறது. புத்தகங்களை மட்டும் படித்து எழுதினால் ஆள் பாதிதான் கிடைப்பார்.

முதலில் அவருடைய புனைபெயர்களைப் பட்டியல் போடுங்கள். 1883இல் ழூல் வலேஸின் 'லெ க்ரி து பெப்ல்' இதழில் அவர் எழுதத் தொடங்கியபோது கையெழுத்து Séverin என்ற ஆண்பெயர். பெண்பெயரான செவெரீன் (Séverine) அதன்பிறகு வந்தது. பிரெஞ்சில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டையும் தனித்தனியாகத் தேடாவிட்டால் தொடக்கக் கட்டுரைகள் விட்டுப்போகும். 'ழில் ப்ளா' இதழில் ழாக்லின், 'லெ கோலுவா' இதழில் ரெனே என்று கையெழுத்திட்டார்.

அடுத்து, பிரெஞ்சுத் தேசிய நூலகம் பழைய இதழ்களை இணையத்தில் வைத்திருக்கும் காலிகா (Gallica) தளத்துக்குப் போங்கள். இலவசம். வெறும் பெயரைத் தட்டினால் அதே பெயருள்ள வேறு பெண்களெல்லாம் வந்து குவிவார்கள். இதழையும் ஆண்டையும் குறுக்கிக்கொண்டு தேடுங்கள். மை பரவிய பக்கங்களில் கணினி எழுத்துகளைத் தப்பாகப் படித்திருக்கும். அங்கே தேடலை நம்பாமல் பக்கங்களைக் கண்ணால் புரட்டுவதே வழி. பழகுவதற்கு 1892 ஆகஸ்ட் 4 'லெ ஃபிகாரோ'வை எடுங்கள்: யூத வெறுப்பு பற்றிப் போப் பதின்மூன்றாம் லியோவிடம் அவர் எடுத்த பேட்டி அதில் இருக்கிறது. பிறகு 1890க்குப் போய், விபத்து நடந்த சேந்த் எத்தியென் சுரங்கத்துக்குள் இறங்கி அவர் எழுதியதைத் தேடுங்கள். இடத்துக்கே போய்ப் பார்த்து எழுதும் அவருடைய முறை அங்கே துலங்கும்.

1893இல் வந்த 'பாழ் ரூழ்' தொகுப்பில் உள்ளதை நாளிதழில் வந்ததோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். 1921இல் வந்த 'லீன்' அவருடைய இளமையைத் தழுவிய கதை. அதிலுள்ள சம்பவத்தை வேறு ஆதாரம் இல்லாமல் வாழ்க்கைக் குறிப்பாக்காதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

சங்கடமான பக்கங்களை மறைக்கவும் வேண்டாம். யூத வெறுப்பைப் பரப்பிய 'லா லிப்ர் பரோல்' இதழிலும் அவர் எழுதினார். தேசத்துரோகி என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட யூத இராணுவ அதிகாரி திரேஃபுஸின் வழக்கு 1899இல் ரென் நகரில் நடந்தபோது, பெண்களே நடத்திய 'லா ஃப்ரோந்த்' நாளிதழுக்காகத் திரேஃபுஸ் பக்கம் நின்று எழுதியவரும் இவரே. இந்த மாற்றம் எப்போது, எந்தக் கட்டுரையில் தெரிகிறது என்று தேதிவாரியாகக் காட்டுங்கள். உங்கள் நூலின் உயிர்நாடி அதுதான்.

கையெழுத்துப் பிரதிகளுக்கும் கடிதங்களுக்கும் பாரிஸிலுள்ள மார்கெரித் துரான் நூலகத்தைக் கேளுங்கள். செவெரீன் இறந்து 70 ஆண்டுகள் தாண்டிப் பதிப்புரிமை முடிந்துவிட்டதால் கட்டுரைகளை முழுதாக மொழிபெயர்த்துப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். இதழ், தேதி, பக்கம் மூன்றையும் ஒவ்வொன்றின் கீழும் போடுங்கள்.