குவார்ட்ஸில் டைட்டேனியம்: உருமாறிய பாறையின் வெப்பநிலையைக் கணிக்கும் முறை

என்னிடம் வரும் மாணவர்கள் முதலில் சூத்திரத்தைத்தான் கேட்கிறார்கள். நான் பாறையின் மெல்வெட்டை (ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்த மெல்லிய சீவலை) நுண்ணோக்கியில் வைத்து, "ரூட்டைல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்பேன். ரூட்டைல் என்பது டைட்டேனியம் ஆக்சைடு கனிமம்.

காரணம் இதுதான். குவார்ட்ஸ் படிகத்தில் சிலிக்கானின் இடத்தைக் கொஞ்சம் டைட்டேனியம் பிடித்துக்கொள்கிறது. வெப்பம் ஏற ஏற அதன் அளவும் ஏறும். ஆனால் பாறையில் டைட்டேனியம் பற்றாக்குறை என்றால், சூடான குவார்ட்ஸிலும் அது குறைவாகவே இருக்கும். குவார்ட்ஸுடன் சேர்ந்து ரூட்டைலும் வளர்ந்திருந்தால் அந்தக் கவலை இல்லை. டைட்டேனியம் எவ்வளவு தாராளமாகக் கிடைத்தது என்பதைக் காட்டும் எண்ணை, அதாவது ஆக்டிவிட்டி மதிப்பை, 1 என்று வைக்கலாம். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த இல்மனைட் கனிமம் மட்டும் இருந்தால் அது 1க்குக் கீழே இறங்கும்.

அடுத்தது கேத்தோடு ஒளிர்வுப் படம், அதாவது எலக்ட்ரான் கற்றை பட்டு மணி ஒளிர்வதைப் பிடிக்கும் படம். இதில் அவசரப்படவே கூடாது. சாதாரண ஒளியில் கண்ணாடிபோல் ஒரே சீராகத் தெரிந்த மணி, இந்தப் படத்தில் வெளிறிய நடுப்பகுதியும் கறுத்த விளிம்புமாகப் பிரிந்து நிற்கும். குறுக்கே ஓடும் கரிய இழைகள், விரிசல் விழுந்து பின்னர் மூடிய தடங்கள். நடுவும் விளிம்பும் வெவ்வேறு காலத்தவை. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் பாறை ஒருபோதும் கண்டிராத வெப்பநிலை கிடைக்கும். அதேபோல், கார்னெட் கனிமத்துக்குள் சிக்கிய குவார்ட்ஸைத் தனியாக அளந்து தனியாகவே எழுதுங்கள்.

லேசர் நிறைமானியில் (லேசரால் மணியைச் சுரண்டி, வரும் அணுக்களை நிறைவாரியாக எண்ணும் கருவியில்) 49 நிறையுள்ள டைட்டேனியம்-49ஐ எண்ணுங்கள். நிறை 48இல் கால்சியம் கலந்துவிடும். அளவீட்டுக் கோடு தட்டையாக ஓட வேண்டும். திடீரென ஊசிபோல் எழும்பினால், மயிரிழை போன்ற ரூட்டைல் ஊசியை லேசர் தொட்டுவிட்டது என்று பொருள். மைக்ரோபுரோப் (எலக்ட்ரான் கற்றையால் எக்ஸ் கதிரை எழுப்பி அளக்கும் கருவி) என்றால் ரூட்டைல் மணியிலிருந்து நன்றாக விலகி அளக்க வேண்டும். பக்கத்து மணியின் எக்ஸ் கதிர் குவார்ட்ஸின் கணக்கில் ஏறிவிடும்.

இனிச் சூத்திரம். 2006இல் வார்க், வாட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தந்தது (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு): 3765ஐ, (5.69 − டைட்டேனியம் பிபிஎம் அளவின் பத்தடி மடக்கை) என்பதால் வகுத்து, 273ஐக் கழித்தால் செல்சியஸ் கிடைக்கும். 20 பிபிஎம் இருந்தால் சுமார் 585 டிகிரி. ஆக்டிவிட்டி 0.6 என்றால் முதலில் 20ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும். விடை 630 டிகிரி அளவுக்குப் போகும்.

இந்தச் சூத்திரம் 10 கிலோபார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் பத்தாயிரம் மடங்கு) அழுத்தத்தில் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. அழுத்தம் கூடினால் குவார்ட்ஸில் டைட்டேனியம் நுழைவது குறையும். 2010இல் தாமஸ் குழுவினர் அழுத்தத்தையும் சேர்த்துத் தந்த சமன்பாட்டில் அதே 20 பிபிஎம்மைப் போட்டுப் பாருங்கள்: 10 கிலோபாரில் சுமார் 600 டிகிரி, 5 கிலோபாரில் சுமார் 505. ஏறக்குறைய நூறு டிகிரி இடைவெளி! ஆகவே அழுத்தத்தை வேறு கனிமங்களைக் கொண்டு தனியே கணித்துக்கொள்ளுங்கள். ரூட்டைல் இருந்தால் அதிலுள்ள சிர்கோனியத்தையும் அளந்து, இரண்டு வெப்பநிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பொருந்தவில்லை என்றால் மறுபடி ஒளிர்வுப் படத்துக்குப் போங்கள். நான் அங்கிருந்துதான் தேடத் தொடங்குவேன்.