மாவுச்சத்தைக் குறைத்தால் மூளை சுறுசுறுப்பாகுமா? படிப்படியாகச் சோதித்துப் பார்ப்பது எப்படி

மாவுச்சத்தைக் (கார்போஹைட்ரேட், சர்க்கரையும் இதில் சேரும்) குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிட்டவர்களிடம் கேட்டால், "தலை தெளிவா இருக்கு, மதியத் தூக்கமே போச்சு" என்பார் ஒருவர். "மூணே நாள்ல தலைவலி, வேலையில் மனசே ஒட்டல, விட்டுட்டேன்" என்பார் இன்னொருவர். இரண்டுமே உண்மைதான். எந்த வாரத்தில் நிறுத்தினார்கள், உப்பைக் கவனித்தார்களா என்பதில்தான் பல நேரம் வித்தியாசம் இருக்கிறது.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. வழக்கமாக அது எரிப்பது குளுக்கோஸை. கொழுப்பை நேரடியாக எரித்து மூளையால் காலம் தள்ள முடியாது. மாவுச்சத்து வெகுவாகக் குறையும்போது கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது, அது மூளைக்குள் நுழையும். இதைத்தான் கீட்டோசிஸ் என்கிறோம். வலிப்பு நோய்க்கு இந்த உணவுமுறை 1920களிலிருந்தே மருத்துவத்தில் இருக்கிறது. ஆனால் ஆரோக்கியமானவர்களுக்குக் கவனம் கூடும் என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. அதனால்தான் உங்கள் உடலில் நீங்களே சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

படி 1: யார் தொடங்கக் கூடாது

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் ஒரு நாள்கூட முயல வேண்டாம். மருந்தின் அளவு அப்படியே இருக்க மாவுச்சத்து மட்டும் குறைந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எஸ்.ஜி.எல்.டி-2 வகை மாத்திரை (சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது) எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகம், கணையம் அல்லது பித்தப்பையில் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோரும் மருத்துவரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம்.

படி 2: முதலில் ஒரு வாரம் வெறுமனே எழுதுங்கள்

சாப்பாட்டை மாற்றாமல், காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கவனத்துக்கு ஒன்று, தெம்புக்கு ஒன்று என 10க்கு மதிப்பெண் போடுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை காபி குடித்தீர்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். பலரும் தாண்டிப்போகும் படி இது. இது இல்லாவிட்டால் பின்னால் எதோடு ஒப்பிடுவீர்கள்?

படி 3: தட்டை மாற்றுங்கள்

கீட்டோசிஸுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து வர வேண்டும். ஒரு கோப்பை சோற்றிலேயே சுமார் 45 கிராம் இருக்கிறது. நடுத்தர வாழைப்பழத்தில் 27 கிராம். முட்டையில் ஒரு கிராம்கூட இல்லை. ஆகவே தானியம், சர்க்கரை, கிழங்கு, பழச்சாறு எல்லாம் தட்டிலிருந்து போகும். முட்டை, மீன், இறைச்சி, பனீர், கொட்டைகள், கீரை, மண்ணுக்கு மேல் விளையும் காய்கள் வரும். சைவத்திலும் முடியும், கொஞ்சம் திட்டமிடல் வேண்டும், அவ்வளவுதான்.

கொழுப்பைக் கூட்டுவது என்றதும் காபியில் வெண்ணெய் கரைத்துக் குடிக்கப் பலர் கிளம்பிவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. வயிறு நிறையும் அளவுக்குச் சமையலில் எண்ணெயும் நெய்யும் சேர்ந்தால் போதும். கலோரியைக் குறைக்க வேண்டாம். பசியோடு இருந்துகொண்டு கவனத்தைச் சோதிப்பதில் அர்த்தமில்லை.

படி 4: உப்பும் தண்ணீரும்

மிகவும் முக்கியமான படி இதுதான். மாவுச்சத்து குறைந்ததும் உடலில் சேமித்து வைத்த கிளைகோஜன் (குளுக்கோஸின் சேமிப்பு வடிவம்) கரைகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் குறைந்தது 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதுவும் கூடவே வெளியேறும். முதல் வாரத்தில் எடை சட்டென்று இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். இன்சுலின் குறையும்போது சிறுநீரகமும் வழக்கத்தைவிட அதிகமாகச் சோடியத்தை வெளியேற்றுகிறது. தலைவலி, எழுந்தால் தலைச்சுற்றல், சோர்வு, படித்த வரியையே திரும்பப் படிப்பது என்று வருவதைக் 'கீட்டோ ஃப்ளூ' என்பார்கள். இதில் பெரும்பங்கு இந்த உப்பிழப்புதான்.

உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தாதவர்கள், ஒரு கோப்பை வெந்நீரிலோ சூப்பிலோ கால் தேக்கரண்டி உப்பைக் கலந்து காலையும் மாலையும் குடியுங்கள். அதே நாளிலேயே தலை லேசாவதைப் பலர் உணர்வார்கள். பொட்டாசியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் கீரையும் கொட்டைகளும் இருக்கின்றன. பொட்டாசிய மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள், இதயத் துடிப்பையே பாதிக்கலாம்.

படி 5: முதல் இரண்டு வாரத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்

கீட்டோன் சில நாட்களில் உருவாகத் தொடங்கிவிடும், ஆனால் அதை எரிக்க உடல் பழகச் சில வாரங்கள் ஆகும். பெரிய தேர்வு, நீண்ட பயணம் இருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள். நடை, மெதுவான ஓட்டம் பரவாயில்லை. வேக ஓட்டத்திலும் கனமான எடை தூக்குவதிலும் வலு குறைந்தது போலத் தெரியும். அந்த வேலைக்குத் தசை கிளைகோஜனைத்தான் நம்பியிருக்கிறது.

படி 6: ஒப்பிட்டுப் பாருங்கள்

நான்காவது வார மதிப்பெண்களைப் பழைய வாரத்தோடு வைத்துப் பாருங்கள். குறிப்பாக மாலை 4 மணி மதிப்பெண். மாவுச்சத்து மிகுந்த மதிய உணவுக்குப் பின் சிலருக்குச் சர்க்கரை ஏறி இறங்கும். அது இல்லாததால் வரும் சீரான தெம்புதான் இந்த உணவுமுறையின் நிஜமான பரிசு என்பது என் எண்ணம். தூக்கம் கூடியதாலோ காபி குறைந்ததாலோ மாற்றம் வந்ததா என்பதையும் அந்தக் குறிப்பிலேயே பாருங்கள்.

பலன் தெரிந்து தொடர்வதானால், தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்யுங்கள், சிலருக்கு எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரால்) நன்றாகவே ஏறிவிடுகிறது. பலன் இல்லையா? சரி, பருப்பு, பழம், முழுதானியம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேருங்கள். தண்ணீர் திரும்பச் சேர்வதால் ஒன்றிரண்டு கிலோ கூடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.