வாந்திக்குப் போய் பல்லுக்கும் பில்

எங்கள் நாய் கருப்பன் காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அருகிலிருந்த தனியார் கால்நடை மருத்துவமனையில் ஊசி, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், பல் சுத்தம், தனி உணவு மூட்டை என்று 9,400 ரூபாய்க்குக் கணக்குப் போட்டார்கள். வாந்திக்கும் பல்லுக்கும் என்ன உறவோ!

ஒவ்வொன்றுக்கும் விலையைத் தனியாக எழுதித் தரச் சொன்னேன். பிறகு டாக்டரிடம் கேட்டேன்: “இவற்றில் எதை இன்றே செய்யாவிட்டால் ஆபத்து?” தாளையே சிறிது நேரம் பார்த்தவர், ஊசியும் ரத்தப் பரிசோதனையும் போதும் என்றார். 1,300 ரூபாயில் முடிந்தது. பரிசோதனை முடிவையும் கையோடு வாங்கிக்கொண்டேன். இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் ரத்தம் எடுக்க மறுபடி ஊசி குத்துவார்கள்.

மறுநாள் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வரிசை நீளம், எங்களுக்கு முன்னால் ஓர் ஆடு. அந்த முடிவையே பார்த்து மாத்திரை எழுதினார்கள். மாலையில் கருப்பன் தயிர்சாதத் தட்டை நக்கிக்கொண்டிருந்தான்.