விறகு அடுப்பில் கேட்டலிஸ்ட் இருக்கிறதா? வெப்பமானி முள்ளைப் பார்த்து பைபாஸை மூடுங்கள்

கனடா மாதிரி குளிர் நாடுகளில் கேட்டலிடிக் விறகு அடுப்பு, அதாவது புகையையும் எரித்துவிடும் 'கேட்டலிஸ்ட்' என்ற துளைத்துளையான பாகம் உள்ள அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு: தீ நன்றாகப் பிடித்துவிட்டது என்று உடனே பைபாஸை (புகையைக் கேட்டலிஸ்ட் வழியே விடாமல் நேராகப் புகைபோக்கிக்கு அனுப்பும் தடுப்பை) மூடாதீர்கள். கேட்டலிஸ்ட் அருகே செருகியிருக்கும் வெப்பமானியின் முள் 500 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 260 செல்சியஸைத் தாண்டட்டும். முன்னதாக மூடினால் புகை எரியாமல், கேட்டலிஸ்டின் சிறு துளைகளில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும்.

இந்த முள் கொஞ்சம் சோம்பேறி. உள்ளே நடப்பதைத் தாமதமாகத்தான் சொல்லும். அதனால் வெளியே போய்ப் புகைபோக்கியையும் ஒரு பார்வை பாருங்கள். புகை அடங்கியிருந்தால் சரி. முள் 1700 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கினால் காற்றைக் குறையுங்கள். விடியற்காலையில் இறங்கிக் கிடந்தால் பதற வேண்டாம், தணலில் எரிக்கப் புகையே இருக்காது. அப்புறம், விறகு போடக் கதவைத் திறக்கும் முன் பைபாஸைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் புகை வீட்டுக்குள்தான் வரும்.