குவில்ட் பைண்டிங்: கையால் ஹெம்மிங் செய்யாமல் மெஷினிலேயே முடிக்கும் முறை

அக்கா பேத்திக்காக 40க்கு 50 இன்ச் குவில்ட் (நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) ஒன்று தைத்தேன். அதன் ஓரத்தை மூடும் துணிப்பட்டியான பைண்டிங்கைக் கையால் ஹெம்மிங் செய்ய நான்கு நாள் மாலைப் பொழுது போனது. ஆறு மாதத்தில் ஒரு பக்கம் சாண் நீளத்துக்குத் தையல் விட்டு, உள்ளே பஞ்சு எட்டிப் பார்த்தது. குழந்தைப் போர்வை ஓயாமல் துவைபடும். அதற்கு மெஷின் தையல்தான் தாங்கும் என்று அன்று முடிவு செய்தேன். அதன் பிறகு தைத்த எல்லாவற்றுக்கும் இந்த முறைதான்.

மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்து, ஓரங்களை நேராக வெட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

பட்டி வெட்டுதல்

2½ இன்ச் அகலத்தில் நேர்த்துண்டாக வெட்டுங்கள். டெய்லர்கள் பழக்கத்தில் கிராஸ் துண்டு, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டச் சொல்வார்கள். நேர் ஓரத்துக்கு அது தேவையில்லை, இழுபட்டு நெளியும். வளைந்த ஓரத்துக்கு மட்டும் கிராஸ் போதும். என் அளவுக்கு 44 இன்ச் பன்னாத் (அகலத்) துணியில் 5 பட்டிகள் வேண்டும். அரை மீட்டர் வாங்கி, ஒருமுறை நனைத்து உலர்த்திவிட்டு வெட்டுங்கள். பட்டிகளின் முனைகளைச் செங்கோணத்தில் வைத்து, மூலைக்கு மூலை சாய்வாகப் போடும் குறுக்குத் தையலால் ஒன்றோடொன்று இணைத்து, நல்ல பக்கம் வெளியே தெரிய நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள்.

பின்பக்கத்தில் முதல் தையல்

கையால் முடிப்பவர்கள் பட்டியை முதலில் முன்பக்கம் தைப்பார்கள். மெஷினுக்கு அதை மாற்ற வேண்டும்: முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் மடித்து மேல் தையல். கடைசித் தையல் நம் கண்ணெதிரே ஓடுவதால் முன்பக்கம் கோணாது.

ஓரத்திலிருந்து எத்தனை நூல் (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) உள்ளே தள்ளித் தைப்பது என்பதில்தான் முதலில் தவறினேன். பழக்கப்படி கால் இன்ச், அதாவது 2 நூல் விட்டுத் தைத்தேன். முன்பக்கம் மடித்தால் பட்டி மிகவும் அகலமாக விழுந்தது. மேல் தையல் போட்டுத் திருப்பிப் பார்த்தால், அது பின்பக்கப் பட்டியைவிட்டுத் தள்ளி அடித்துணியில் தனியாக ஓடியிருந்தது. பட்டியின் வெட்டு ஓரத்தைப் போர்வை ஓரத்தோடு சேர்த்து வைத்து, 3 நூல் விடுங்கள். மடித்த பட்டி 10 நூல். தையலுக்கு 3, பின்பக்கம் மூட 3, பஞ்சின் கனத்துக்கு ஏறக்குறைய 1 போனால், முன்பக்கத்துக்கு 3 மிஞ்சும். முதல் தையலை அது சரியாக மூடும். பஞ்சு கனமாக இருந்தால் வெட்டிய துண்டு ஒன்றில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலைக்கு 3 நூல் முன்னால் நிறுத்தி, முன்னும் பின்னுமாக ஓட்டிக் கெட்டித் தையல் போட்டு, போர்வையைத் திருப்புங்கள். பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடக்கி, உடனே கீழ்நோக்கி மடித்து, மடிப்பு மேல் ஓரத்தோடு ஒட்டி நிற்கும்படி வைத்து அங்கிருந்து தொடங்குங்கள்.

இரண்டு முனைகளை இணைத்தல்

இதை அவசரமில்லாமல் செய்யுங்கள். தொடங்கும்போது 8 இன்ச் வாலைத் தைக்காமல் விட்டிருக்க வேண்டும். முடிவில், தொடங்கிய தையலுக்கு 12 இன்ச் முன்பே நிறுத்துங்கள். தொடக்க வாலை ஓரத்தோடு படுக்கவைத்து, முடிவு வாலை அதன்மேல் போடுங்கள். தொடக்க வாலின் நுனியிலிருந்து 2½ இன்ச் மேலேறி நிற்கும்படி முடிவு வாலை வெட்டுங்கள்.

மடித்த பட்டி கண்ணுக்கு 1¼ இன்ச்தான் தெரியும். நான் அதையே அளவாக எடுத்து வெட்டிவிட்டேன். குறுக்குத் தையல் விழுங்குவது பட்டியின் முழு அகலம். அதனால் பட்டி 1¼ இன்ச் குறைந்து, போர்வையின் ஓரம் சுருங்கிப் போனது. அந்தப் பக்கத்தைப் பிரித்து, பட்டியில் ஒரு ஒட்டுப் போட வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் ஸ்கேல் எடுப்பதில்லை. வெட்டி மிஞ்சிய பட்டித்துண்டு ஒன்றை விரித்துக் குறுக்கே வைத்தால் அதுவே 2½ இன்ச்.

வெட்டியதும் இரண்டு வால்களையும் விரித்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி செங்கோணத்தில் வைத்து, மூலைக்கு மூலை சாய்வாகக் குண்டூசி குத்துங்கள். போர்வையை இடையில் மடக்கிக் கிளிப் போட்டால் கை எளிதாக நகரும். தைப்பதற்கு முன் பட்டியை மடித்துப் பாருங்கள். முறுக்கில்லாமல் படிந்தால் தைத்து, கால் இன்ச் விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். பட்டியை மறுபடி மடித்து, தைக்காமல் விட்ட இடத்தையும் போர்வையோடு தைத்து முடியுங்கள்.

முன்பக்கத் தையல்

பட்டியை வெளிப்பக்கம் தள்ளி இஸ்திரி போடுங்கள். பாலியெஸ்டர் பஞ்சாக இருந்தால் சூட்டைக் குறையுங்கள், உருகிவிடும். பிறகு முன்பக்கம் மடித்து, 3 இன்ச்சுக்கு ஒன்றாகக் கிளிப் போடுங்கள். குண்டூசி கனத்தில் ஓரத்தை நெளியவைக்கும், எனக்குப் பிடிக்காது. தலைக்குக் குத்தும் டிக்டாக் கிளிப்பே போதும்.

14 அல்லது 16 நம்பர் ஊசி, இன்ச்சுக்கு 8 தையல். மேல் நூல் பட்டியின் நிறம், அடியில் ஓடும் பாபின் நூல் அடித்துணியின் நிறம். மடிப்பு ஓரத்தை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி, துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கித் திருப்புங்கள்.

வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் ஃபுட்) வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். மூன்று அடுக்கும் ஒன்றாக நகரும், சுருக்கம் விழாது. மற்ற ஃபுட் எதற்கும் நான் காசு செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

பிறகு சேர்த்தது: கால் மெஷினில் தைக்கிறோம், வாக்கிங் ஃபுட் இல்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஃபுட்டின் அழுத்தத் திருகைச் சிறிது தளர்த்தி, இரண்டு கையாலும் துணியை முன்னும் பின்னும் தட்டையாகப் பிடித்து ஓட்டுங்கள். பக்கத்து மேசை மெஷின் உயரத்தில் இருந்தால் போர்வையின் கனம் ஊசியை இழுக்காது.

மூலை தடித்து ஊசி ஏறவில்லை என்று ஒரு வாசகி கேட்டார். பின்பக்கத்தில் கனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, முன்பக்க மடிப்பை அதற்கு எதிர்ப்பக்கம் சாயும்படி போடுங்கள். அந்த இடத்தில் மட்டும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி நான்கைந்து தையல் போடுங்கள்.