அடுப்பு மூட்டாத வீடு: கிரகித்தலில் நான் திருத்திக்கொண்டது

மட்டக்களப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்குத் தமிழ் கற்பிக்கும் நான், வாசித்து விளங்கி விடை எழுதவேண்டிய கிரகித்தற் பந்தி ஒன்றில் "வலையோடு வாவிக்குப் போன தந்தை வெறுங்கையுடன் திரும்பினார், அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை" என்ற வரிகளை வாசித்ததும், அக்குடும்பம் வறுமையில் வாடுகிறது என்று விடை எழுதிக் கொடுத்தேன். "அது எந்த வரியில இருக்கு, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டபோதுதான் பந்தியின் தொடக்கத்துக்குத் திரும்பினேன். அங்கே பெரியப்பா வீட்டுப் படலையில், மரண வீட்டின் அடையாளமான வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. மரணம் நிகழ்ந்தால் நெருங்கிய உறவினர் வீட்டில் அடுப்பெரியாது என்பது நாம் அறிந்த வழக்கம்.

பந்தி தரும் தடயத்தோடு இப்படி அறிந்ததைச் சேர்த்து ஒரு முடிவுக்கு வருவது உய்த்தறிதல். நான் செய்ததோ எடுகோள்: மீன்பிடிப்பவர் என்றாலே ஏழை என்று மனத்தில் முன்பே இருந்ததைப் பந்தியின் மீது ஏற்றிவிட்டேன். வாவிக்கரை மக்களை அப்படி எண்ணியது எனக்கு இன்றும் வருத்தமே.

இப்போது ஒவ்வொரு முடிவுக்கும் ஆதாரமான வரியின் எண்ணை ஓரத்தில் குறிக்கிறேன். எண் கிடைக்காவிட்டால் கேள்விக்குறி இட்டு, முழுப் பந்தியையும் மறுபடி வாசிக்கிறேன். எண் கிடைத்தாலும், அதே வரிக்கு வேறு விளக்கம் பொருந்துமா என்று பார்க்கிறேன்; "வெறுங்கையுடன்" என்ற சொல்லை ஆதாரமாக நம்பித்தான் அன்று நான் பிழைவிட்டேன்.